எல்.டி.எல். 102, வயது 38: கோயம்பேட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2024 செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, காலை ஏழேகால் மணி இருக்கும். எம்.எம்.டி.ஏ. காலனியில் என் கிளினிக் கீழே, வீடு மேலே. காலிங் பெல் விடாமல் அடித்தது. இறங்கிப் போனால் வாசலில் ஓர் ஆட்டோ. உள்ளே நான் பல வருஷமாகப் பார்க்கும் பேஷன்ட். வயது 38, கோயம்பேடு மார்க்கெட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவர். சட்டை பிழிந்தால் தண்ணீர் கொட்டும் அளவுக்கு வேர்வை. அவர் மனைவி கையில் பாதி காலியான சோடா பாட்டில்.

"மூணு மணியிலேர்ந்து கேஸு, டாக்டரம்மா. ஏப்பம் வந்தா சரியாயிடும்னாரு. வரவே மாட்டேங்குது."

கையை நெஞ்சு நடுவில் விரித்து வைத்திருந்தார். எங்கே வலி என்று கேட்டால் ஒரு விரலால் காட்டுகிறவர்களைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. உள்ளங்கையை முழுசாக வைத்துக் காட்டுகிறவர்களைப் பார்த்தால் பயம் வரும். இ.சி.ஜி. பேப்பர் வெளியே வர வர வி-1 முதல் வி-5 வரை கோடு கீழே இறங்காமல் மேட்டில் ஏறி நின்றது. இதயத்தின் முன்பக்கச் சுவருக்கு ரத்தம் போகும் குழாய் அடைத்துக்கொண்டுவிட்டது. நாடித் துடிப்பு 104, ரத்த அழுத்தம் 130/90.

ஆஸ்பிரின் 325 மி.கி. மாத்திரையைக் கடித்து மென்று விழுங்கச் சொன்னேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் 300, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தான அடோர்வாஸ்டாடின் 80. கூடவே 108-க்கு போன். (இந்த மூன்று மருந்துகளின் முதல் டோஸும் 2023-ல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே கிடைக்கிறது. நெஞ்சுவலியோடு சோடா கடைக்குப் போகிறவர்கள் அந்த வாசலுக்குப் போனால் நிறைய உயிர் மிஞ்சும்.) ஒன்பது இருபதுக்கு ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பைத் திறந்துவிட்டார்கள். இடப்பக்க முன் இறங்கு தமனியின் தொடக்கத்திலேயே நூறு சதவீத அடைப்பு; ஒரு ஸ்டென்ட். வலி தொடங்கி அதற்குள் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஓடியிருந்தது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டியது.

அவர் பிழைத்தார். நோயாளியின் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன். பெயர் சொல்லப் போவதில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆபத்துக் காரணிகள்: ஏதுமில்லை' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வைக்கிறது. அந்த வரி தவறு. அந்தத் தவறை ஆஸ்பத்திரி செய்வதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே நான் செய்திருக்கிறேன்.

2022-ன் அந்தத் தாள்

ஆள் ஒல்லி. உயரத்துக்கு ஏற்ற எடை என்றுதான் யாரும் சொல்வார்கள், பி.எம்.ஐ. 23.4. பீடி, சிகரெட், குடி எதுவும் கிடையாது. மண்டிக்காரர்கள் சிலர் சேர்ந்து 2022 ஆகஸ்டில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் போனார்கள். அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். மொத்த கொலஸ்ட்ரால் 176. நல்ல கொழுப்பு என்கிற எச்.டி.எல். 33. இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 205. கெட்ட கொழுப்பு என்கிற எல்.டி.எல். 102. எல்லாமே 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 5.9. ட்ரெட்மில் டெஸ்ட் நார்மல்.

நான் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "கெட்ட கொழுப்பு நல்லாத்தான் இருக்கு தம்பி. எண்ணெயைக் கொறைங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

அவர் நிம்மதியாகப் போனார். அடுத்த வருஷம் வரவில்லை. நல்லாத்தான் இருக்கு என்று டாக்டரே சொன்ன பிறகு எதற்கு வர வேண்டும்?

அதே தாளை இப்போது எடுத்து வைத்துக்கொண்டு படிக்கிறேன். முதலில் அந்த 102 எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். நம்மூர் ரிப்போர்ட்களில் பெரும்பாலும் எல்.டி.எல்.லை நேராக அளப்பதில்லை. மொத்த கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மிச்சம் எல்.டி.எல். 1972-ல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் இது. 176-லிருந்து 33 போனால் 143. அதில் 41 போனால் 102. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரமே செல்லாது. அதற்குக் கீழேயும் ட்ரைகிளிசரைடு ஏற ஏற எல்.டி.எல். உள்ளதைவிடக் குறைவாகத் தெரிய இடம் உண்டு.

அந்தக் கழித்தல் கணக்கின் நடுவில் ஒரு 143 வந்து போனதே, அதைத்தான் நான் பார்த்திருக்க வேண்டும். எச்.டி.எல். அல்லாத கொலஸ்ட்ரால் என்று அதற்குப் பெயர். ரத்தக் குழாயின் சுவருக்குள் புகுந்து படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொழுப்பும் அந்த ஒரு எண்ணில் அடக்கம். ஆபத்து குறைந்த ஆட்களுக்கே அது 130-க்குக் கீழே இருக்கணும் என்கிறது கார்டியலாஜிக்கல் சொசைட்டி ஆஃப் இந்தியா 2024 ஜூலையில் வெளியிட்ட வழிகாட்டுதல். தனியாக ஒரு பைசா செலவில்லை. வெறும் வயிறும் தேவையில்லை. இதைப் படிக்கிறவர்கள் பீரோவிலிருக்கும் ரிப்போர்ட்டை எடுத்து இப்போதே கழித்துப் பார்க்கலாம்.

இன்னொன்று, 205-ஐ 33-ஆல் வகுத்தால் ஆறுக்கு மேல் வருகிறது. ட்ரைகிளிசரைடுக்கும் எச்.டி.எல்.லுக்கும் உள்ள இந்த விகிதம் 3.5-ஐத் தாண்டினாலே, இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை, எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்திருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். அன்று இடுப்புச் சுற்றளவை நான் அளக்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அளந்தேன், 92 செ.மீ. நம் ஆண்களுக்கு எல்லை 90. கை கால் ஒல்லி, வயிறு மட்டும் லேசாக முன்னால். தெருவில் பத்து பேர் போனால் அதில் நாலு பேர் இப்படித்தான் தெரிகிறார்கள் எனக்கு.

ட்ரெட்மில் டெஸ்ட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது கொடுக்கும் தைரியம் பெரிசு. ஓடும்போது இதயத்துக்கு ரத்தம் பற்றாக்குறை ஆகிற அளவுக்குக் குழாய் சுருங்கியிருந்தால்தான் அது காட்டும். பாதி அடைப்பு இருக்கிற குழாயில் நன்றாகவே ரத்தம் ஓடும். ஆனால் மாரடைப்பு பல சமயம் அப்படிப்பட்ட பாதி அடைப்பின் மேல்தோல் கிழிந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்துதான் வருகிறது. டெஸ்ட் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது, அவ்வளவுதான்.

குட்டி யானைக் கணக்கு

ஆறு வாரம் கழித்து அவர் மறுபரிசோதனைக்கு வந்தார். மேஜையில் இரண்டு தாள்: 2022-ன் ரிப்போர்ட், ஆஸ்பத்திரியில் மறுநாள் எடுத்த ரிப்போர்ட். மறுநாள் எடுத்ததில் எல்.டி.எல். 94. மாரடைப்பு வந்து ஒரு நாள் போனால் எல்.டி.எல். தானாகவே இறங்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொழுப்பு கம்மின்னுதானே சொன்னீங்க. அப்புறம் எப்படி டாக்டரம்மா அடைச்சுது?"

நியாயமான கேள்வி. இதற்கு நான் கடன்பட்டிருந்தேன். எண்ணெயும் தண்ணீரும் சேராது என்பதால் கொழுப்பு ரத்தத்தில் தனியாக மிதக்க முடியாது, துகளுக்குள் ஏறித்தான் பயணம் போக முடியும் என்று ஆரம்பித்தேன். எல்.டி.எல். கொலஸ்ட்ரால் என்பது துகள்களுக்குள் இருக்கும் சரக்கின் எடை. எத்தனை துகள் என்பது அந்த எண்ணில் இல்லை. இவ்வளவுதான் சொன்னேன், அவர் கை காட்டி நிறுத்தினார்.

"அதாவது லோடு எடை தெரியுது. எத்தனை வண்டியில வந்துதுன்னு தெரியல. பத்து டன் தக்காளி ஒரு லாரியில வந்தா கேட்டுல பிரச்சினை இல்ல. அதே பத்து டன் குட்டி யானையில வந்தா பத்துப் பதினஞ்சு வண்டி. அன்னிக்கு கேட்டு ஜாம்தான்."

இருபது வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த விளக்கத்தை மார்க்கெட் கேட்டில் நின்று வண்டி எண்ணுகிறவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். அதன்பிறகு எல்லா பேஷன்டுக்கும் இதையே சொல்கிறேன்.

ரத்தக் குழாயின் உள்சுவரில் முட்டுவது துகள். உள்ளே நுழைவதும், அங்கே சிக்கிக்கொள்வதும் துகள்தான். ஒவ்வொரு துகளும் நுழையப் பார்க்கும் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால், எத்தனை துகள் என்பதே எத்தனை முயற்சி என்பதைத் தீர்மானிக்கிறது. எண்ணுவதற்கும் இயற்கையே வழி வைத்திருக்கிறது. குழாய்க்குள் படியக்கூடிய ஒவ்வொரு துகளின் மேலும் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய துகளோ சின்னதோ, வி.எல்.டி.எல்.லோ எல்.டி.எல்.லோ, ஒன்றுக்கு ஒன்றுதான். வண்டிக்கு ஒரு நம்பர் பிளேட் மாதிரி. அப்போ-பி-யை அளந்தால் வண்டியை எண்ணியாயிற்று.

வண்டி ஏன் சின்னதாகிறது? சர்க்கரையும் மாவுச்சத்தும் தேவைக்கு மேல் போனால் கல்லீரல் அதைக் கொழுப்பாக்கி, ட்ரைகிளிசரைடு நிறைந்த வி.எல்.டி.எல். துகள்களாக ரத்தத்தில் அனுப்புகிறது. இவை எல்.டி.எல்.லோடு சரக்கு மாற்றிக்கொள்கின்றன: ட்ரைகிளிசரைடைக் கொடுத்துக் கொலஸ்ட்ராலை வாங்கிக்கொள்ளும். பிறகு கல்லீரலின் நொதி ஒன்று எல்.டி.எல்.லில் ஏறிய அந்த ட்ரைகிளிசரைடைக் கரைத்துவிடும். மிஞ்சுவது சரக்கு குறைந்து சிறுத்த, அடர்ந்த துகள். கல்லீரல் இதைச் சீக்கிரம் அடையாளம் கண்டு திரும்ப வாங்காது. ரத்தத்தில் அதிக நாள் சுற்றும், சுலபமாக ஆக்ஸிஜனேற்றம் அடையும். எச்.டி.எல். குறைவதும் இதே சரக்கு மாற்றத்தால்தான். ட்ரைகிளிசரைடு மேலே, எச்.டி.எல். கீழே, எல்.டி.எல். சாதாரணம் என்று மூன்றும் ஒன்றாக வருவது இதனால்தான். எச்.டி.எல்.லை ஏற்ற மாத்திரை கேட்டு வருகிறவர்கள் உண்டு. மருந்து கொடுத்து அதை மட்டும் ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை.

இது இவர் ஒருவருடைய கதை இல்லை. தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் எடுத்து 2014-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வில் எச்.டி.எல். குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம். ட்ரைகிளிசரைடு அதிகம் 29.5 சதவீதம். எல்.டி.எல். அதிகம் வெறும் 11.8 சதவீதம். எல்.டி.எல்.லை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பினால் நாம் எத்தனை பேரை வாசலோடு அனுப்புகிறோம் என்று இந்த மூன்று எண்களை வைத்து யோசித்துப் பாருங்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு 59-ஐ ஒட்டி. கோயம்பேட்டுக்குப் பக்கத்திலேயே திருமங்கலத்திலும், தி.நகரிலும் எடுத்த சென்னை ஆய்வில், 2001-லேயே, பெரியவர்களில் 11 சதவீதம் பேருக்கு இதயத் தமனி நோய் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "சின்னத் துகள்தான் கெட்டது, பெரிசு ஒண்ணும் பண்ணாது, என்னுது பெரிசு, அதனால ஸ்டாடின் வேண்டாம்" என்று வாட்ஸ்ஆப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. 1988-ல் ஆஸ்டின், கிராஸ் ஆகியோரின் ஆய்வில், சிறிய அடர் துகள் அமைப்பு உள்ளவர்களுக்கு மாரடைப்பு மூன்று மடங்கு என்று வந்தது. ஆனால் பின்னால் எண்ணிக்கையையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, அளவின் தனிப் பங்கு பெரும்பாலும் கரைந்துபோனது. சிறிய துகள் உள்ளவர்களுக்கு எண்ணிக்கை கூடுதல். அதுதான் முக்கியக் காரணம். பிறவியிலேயே எல்.டி.எல். மிக அதிகமாக இருக்கும் குடும்பங்களில் துகள்கள் பெரும்பாலும் பெரியவை. அவர்களுக்கு முப்பது நாற்பது வயதில் மாரடைப்பு வருகிறதே! லாரியாக வந்தாலும் நூறு லாரி வந்தால் கேட் அடைக்கத்தான் செய்யும். துகளின் அளவைப் பிரித்துக் காட்டும் விலை அதிகமான டெஸ்ட்களை நான் எழுதுவதில்லை. அப்போ-பி போதும்.

நல்ல சாவு

சரி, துகள் எண்ணிக்கை கூடுதல் என்றே வைத்துக்கொண்டாலும் 38 வயது எனக்கு உறுத்தியது. சர்க்கரை நோய் இல்லை, புகை இல்லை. அதே மறுபரிசோதனை நாளில் அவர் அம்மாவும் கூட வந்திருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

என் பழைய கார்டில் 'தந்தை: காலமானார், இயற்கை' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

"அம்மா, ஐயா எப்படித் தவறினாரு?"

"அவருக்கென்னம்மா, நல்ல சாவு. படுக்கையில கெடக்கல, யாருக்கும் தொந்தரவு குடுக்கல. ராத்திரி லோடு எறக்கிட்டு வந்தாரு. நெஞ்சு கரிக்குதுன்னு மோர் கேட்டாரு. குடிச்சிட்டுப் படுத்தாரு. காலையில எழுப்பினா எழல."

"அப்ப என்ன வயசு?"

விரல் விட்டு எண்ணினார். "கொத்தவால் சாவடியிலேர்ந்து இங்க மார்க்கெட்ட மாத்தினாங்க இல்ல, தொண்ணூத்தாறுல. அதுக்கு அப்புறம் அஞ்சு வருஷம். நாப்பத்திநாலு."

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். மகனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, தானாகவே, "அவரு அக்காவும் திண்டிவனத்துல நாப்பத்தொம்பதுல போயிட்டாங்க. அதுவும் நெஞ்சுவலிதான்" என்றார்.

கஷ்டப்படாமல் தூக்கத்தில் போனால் நாம் அதை நல்ல சாவு என்கிறோம். எண்பது வயதில் அது சரி. நாற்பத்துநாலு வயதுக்காரர் நெஞ்சு கரிக்கிறது என்று சொல்லிப் படுத்து எழாமல் போனால், அது அந்த வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரு தகவல். ஆண் 55-க்கு முன்னாலோ பெண் 65-க்கு முன்னாலோ இதய நோயால் போயிருந்தால் அதைக் குடும்ப ஆபத்து என்று குறிக்க வேண்டும் என்பது பாலபாடம். 'ஹார்ட் ட்ரபிள் யாருக்காவது உண்டா' என்று கேட்டால் நம்மிடையே பதில் 'இல்லை'தான். டாக்டரிடம் போய் பேர் வைக்காத நோயை யார் சொல்வார்கள்? எந்த வயதில், எப்படி, அன்று என்ன சொன்னார்கள் என்று கேட்க வேண்டும். இப்போது நான் அப்படித்தான் கேட்கிறேன்.

அன்றே லைப்போபுரோட்டீன்-ஏ டெஸ்டுக்கு எழுதினேன். லேபில் எல்.பி. லிட்டில் ஏ என்பார்கள். மாஸ்டர் செக்கப் பேக்கேஜில் பெரும்பாலும் இருக்காது. தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். ரிசல்ட் 118 மி.கி. இந்திய வழிகாட்டுதல் சொல்லும் எல்லை 50.

இது என்ன? 1963-ல் நார்வேயின் கோரே பெர்க் கண்டுபிடித்த துகள். அதே எல்.டி.எல். வண்டிதான், அதன் அப்போ-பி மேல் அப்போ-ஏ என்ற இன்னொரு நீளமான புரதம் கொக்கி போட்டுத் தொங்கும். நம்மூர் முறுக்கு மாதிரி சுருண்ட வளையங்கள் வரிசையாகக் கோத்த வால். ரத்தக் கட்டியைக் கரைக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் சாயல் இதற்கு உண்டு. ஆக்ஸிஜனேற்றம் அடைந்த கொழுப்புகளைத் தூக்கிக்கொண்டு வந்து குழாய்ச் சுவரில் வீக்கத்தைத் தூண்டிவிடும். பெருந்தமனி வால்வில் சுண்ணாம்பு படிவதற்கும் இது ஒரு காரணம். வளையங்களின் எண்ணிக்கை மரபணுவில் எழுதியிருக்கிறது. வளையம் குறைந்தால் வால் சிறிது, கல்லீரல் அதை வேகமாகச் செய்து தள்ளும், ரத்தத்தில் அளவு அதிகம். சின்னக் குழந்தையாக இருக்கும்போதே அளவு நிலைத்துவிடும். அதன்பிறகு சாப்பாடு, உடற்பயிற்சி, எடை எதுவும் அதைப் பெரிதாக மாற்றாது. அதனால்தான் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல் 2019-லும், நம்முடையது 2024-லும் எல்லாப் பெரியவர்களுக்கும் அதைச் சொல்லிவிட்டன. இந்தியர்களில் சுமார் நாலில் ஒருவருக்கு இது அதிகம்.

சில லேப்களில் ரிசல்ட் நேனோமோல் கணக்கில் வரும். அங்கே எல்லை 125. 118 மில்லிகிராமும் 118 நேனோமோலும் ஒன்று இல்லை. யூனிட்டைப் பார்க்காமல் பயப்படவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது.

இன்னொரு விஷயம் எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. லைப்போபுரோட்டீன்-ஏ-யின் கொலஸ்ட்ராலும் சேர்ந்துதான் எல்.டி.எல். என்ற எண் வருகிறது. அப்படியானால் 2022-ன் அந்த 102-க்குள்ளேயே இந்த வால் வண்டிகளும் நின்றிருந்தன. நான் சாதாரண எல்.டி.எல். என்று படித்தது கலப்படம் தெரியாமல் எடை மட்டும் பார்த்தது போல.

சிகிச்சை

ஆஸ்பத்திரியில் கொடுத்த அடோர்வாஸ்டாடினைத் தொடர்ந்தோம், குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைக் குறைக்கும் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தோம். ஆஸ்பிரின், இரண்டாவது ரத்த உறைவுத் தடுப்பு மருந்து, பீட்டா பிளாக்கர் எல்லாம் வழக்கம் போல. ஸ்டாடின் லைப்போபுரோட்டீன்-ஏ-யைக் குறைக்காது. பி.சி.எஸ்.கே.-9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி கால் பங்கு அளவுக்குக் குறைக்கும். இவருக்கு அந்தச் செலவு இப்போதைக்குக் கட்டுப்படியாகாது. பெலகார்சென், ஓல்பாசிரான் என்று இதற்கென்றே வரும் மருந்துகள் பெரிய ஆய்வுகளில் இருக்கின்றன. அதுவரை செய்யக்கூடியது, மற்ற வண்டிகளை முடிந்த மட்டும் ரோட்டிலிருந்து எடுத்துவிடுவது. வால் வண்டியைத் தடுக்க முடியாதபோது மற்றவற்றைப் பாதி விட்டுவைக்கக் கூடாது. அவருக்கு இந்த வாதம் உடனே பிடித்துப்போனது.

சாப்பாட்டில் நான் முன்பு எண்ணெயைத்தான் சொன்னேன். இந்த முறை அவருடைய ஒரு ராத்திரியை மணிக்கணக்காக எழுதச் சொன்னேன். ஒரு மணிக்கு டீ, பன். இரண்டரைக்கு லாரி வந்ததும் டீ. நாலுக்கு டீ, வடை. ஐந்தரைக்கு ஆறு இட்லி. ஏலம் முடிய இன்னும் இரண்டு டீ. பத்து மணிக்கு வீட்டில் தட்டு நிறையச் சோறு, உடனே தூக்கம். சாயங்காலம் எழுந்ததும் மறுபடி டீ, சோறு. ஒரு நாளைக்கு ஆறு டீ, ஒன்றில் இரண்டு கரண்டி சர்க்கரை, பன்னிரண்டு கரண்டி. ட்ரைகிளிசரைடு 205 எங்கிருந்து வந்தது என்று அந்தத் தாளே சொல்லியது. டீயை நிறுத்தச் சொல்லவில்லை, மார்க்கெட்டில் டீ இல்லாமல் யாரும் நிற்க முடியாது. சர்க்கரையை நிறுத்தினார். பத்து மணிச் சோறு பாதியானது, அந்தப் பாதியில் சுண்டலும் முட்டையும் கீரையும் வந்தன.

மூன்று மாதத்தில்: மொத்த கொலஸ்ட்ரால் 104, எச்.டி.எல். 34, ட்ரைகிளிசரைடு 118, எல்.டி.எல். 46. அப்போ-பி 61, இவர் மாதிரி மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 65-க்குக் கீழே வேண்டும். இடுப்பு 88. எக்கோவில் பம்பிங் 48 சதவீதம். போன இதயத் தசை திரும்பி வராது. மயங்கிக் கிடந்த தசை கொஞ்சம் எழுந்திருக்கிறது. பெட்டி தூக்குவதை நிறுத்திவிட்டுக் கல்லாவில் உட்காருகிறார்.

தம்பி, அக்கா, பிள்ளைகள்

லைப்போபுரோட்டீன்-ஏ பெற்றோரில் ஒருவரிடம் அதிகம் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டோம். அம்மாவுக்கு 14. அப்படியென்றால் தந்தை வழி என்றுதான் கொள்ள வேண்டும். அக்காவுக்கு 42 வயது, ரிசல்ட் 9. ரிசல்ட்டைக் கையில் வாங்கியதும் அழுதார். சந்தோஷத்தில் இல்லை, தம்பிக்கு வந்தது தனக்கு வரவில்லையே என்று.

என் பேஷன்டின் தம்பிக்கு 34 வயது. அதே மண்டியில் கணக்கு பார்ப்பவர். ரிசல்ட் 104. இவர் எந்த மருந்தும் சாப்பிடாதவர் என்பதால், அண்ணனுக்கு 2022-ல் என்ன நடந்திருக்கும் என்பதை இவர் ரத்தத்தில்தான் பார்க்க முடிந்தது. மொத்த கொலஸ்ட்ரால் 182, எச்.டி.எல். 35, ட்ரைகிளிசரைடு 190, எல்.டி.எல். 109. கிட்டத்தட்ட அண்ணனின் பழைய தாளையே நகல் எடுத்தது போல. அப்போ-பி 118. எல்.டி.எல். மட்டும் பார்த்தால் அடுத்த வருஷம் வாங்க என்று சொல்லக்கூடிய ஆள். ரோசுவாஸ்டாடின் 10 மி.கி. ஆரம்பித்தோம். முதல் மாதம் "எனக்குதான் ஒண்ணுமே இல்லையே டாக்டரம்மா" என்று இரண்டு வாரம் விட்டுவிட்டார். அண்ணன் ஒன்றும் பேசாமல், நடு மார்க்கெட்டில் சட்டையைத் தூக்கி, வேர்வையில் ஊறிய அந்தக் காலையில் தன் கை இருந்த இடத்தில் தம்பியின் உள்ளங்கையை வைத்தாராம். அதன்பிறகு விடவில்லை. எட்டு வாரத்தில் அப்போ-பி 76.

அண்ணனின் மகனுக்கு 12 வயது, ரிசல்ட் 97. மகளுக்கு 8 வயது, 11. பையனுக்கு இப்போது மருந்து எதுவும் இல்லை. சிகரெட் எந்த நாளும் கூடாது, விளையாட்டை விடக் கூடாது, இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கொழுப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும் என்று அவன் நோட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: கிரிக்கெட் ஆடலாமா? கட்டாயம் ஆட வேண்டும் என்றேன்.

திண்டிவனத்து அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், நாற்பதுகளில் இருக்கிறார்கள். மூத்தவர் வந்து ரத்தம் கொடுத்துவிட்டார், ரிசல்ட் 22. இளையவர் நெல் அறுப்பு முடியட்டும் என்கிறார், போன பொங்கலிலிருந்து. இந்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட் லீவு. காலை பஸ்ஸில் தானே போய்க் கையோடு கூட்டிக்கொண்டு வருவதாக என் பேஷன்ட் சொல்லியிருக்கிறார். கிளினிக்கை அன்று திறந்து வைத்திருக்கிறேன்.